உரிந்த விரல்களுக்கு நான் செய்த வைத்தியம்

கண்ணு,

உன் பையில் துணிகளுக்கு நடுவே இதை வைக்கிறேன். நாளை காலை பஸ்ஸில் நீ சேலத்துக்கு இறங்கிப் போகிறாய். நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லலாம் என்றால் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். இரண்டும் உனக்கு இப்போது ஆகாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் அதிர்ச்சி தெளியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன், பொங்கி வழிந்து அணைந்த பிறகுதான் நினைவு வருகிறது. பெற்று வளர்த்த பிள்ளை, ஒரே கூரைக்குக் கீழே இருந்தவன், ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றவன், அவனுக்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை என்றால் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? இதை உன் அக்கா படித்தாலும் சரி, உனக்கு நிச்சயம் செய்திருக்கிற ஸ்டெல்லா படித்தாலும் சரி, மறைக்க வேண்டாம். விரல் நுனியில் தோல் உரிகிறது என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால், எந்தத் தாய் இதைப் படித்தாலும் நல்லதுதான்.

அது மழைக்காலத்தில் தொடங்கியது. முதலில் கட்டைவிரல் நுனியில் வெள்ளையாக, வெங்காயச் சருகு மாதிரி கொஞ்சம் எழும்பியது. பிறகு ஆள்காட்டி விரல், பிறகு எல்லா விரலும். நான் குளிர் என்றேன். ஏற்காட்டில் அடிக்கிற குளிருக்கும் பனிக்கும் யாருக்குத்தான் தோல் வெடிக்காது? உன் அப்பா நான் சொல்வதை என்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்? “குளுரும் இல்ல, ஒண்ணும் இல்ல. காப்பித் தோட்டத்துல பூச்சி மருந்தடிக்கறப்ப கையில உறை போடுறானா அவன்? எத்தன தடவ சொல்லியாச்சு” என்றார். கோயிலுக்குப் போகிற வழியில் பக்கத்து ஊர் வாழவந்திக்காரி ஒருத்தி உன் கையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, தம்பிக்கு சத்து கொறஞ்சு போச்சுங்க, முட்டையும் கீரையும் குடுங்க” என்றாள். காப்பிப் பழம் பறித்த கை அப்படித்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள்தான், அதுதான் எங்களை ஏமாற்றியது.

எனக்கு வைத்தியம் என்றால் கேட்க வேண்டுமா? இந்தப் பக்கத்தில் யாருக்குத் தலைவலி, யாருக்குச் சேற்றுப்புண் என்றாலும் நான்தானே டாக்டர், பீஸ் வாங்காத டாக்டர். முதலில் தேங்காய் எண்ணெய். தூங்கப்போகும் முன் உன் கையை என் மடியில் வைத்து விரல் விரலாகத் தடவினேன். அது கேட்கவில்லை என்று சோற்றுக்கற்றாழையைக் கீறி அந்தச் சோற்றைத் தேய்த்தேன். அப்புறம் பாலாடையில் தேன் குழைத்துப் பூசினேன். வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரில் கையை ஊறவைத்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்பினேன், அன்றைக்கு நீ மஞ்சள் படிந்த உன் கையைப் பார்த்த பார்வையை நான் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன். “பொண்ணுக்குத்தான் நலங்கு வெப்பாங்க, உனக்கு முன்னாடியே வெச்சாச்சு” என்று கேலி வேறு செய்தேன். கடைசியில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற அந்தக் காரியத்தையும் செய்தேன். சளியானாலும் சுளுக்கானாலும் நமக்கு யூகலிப்டஸ் தைலம்தானே? தேங்காய் எண்ணெயில் அந்தத் தைலத்தை நன்றாகவே ஊற்றிக் கலந்து, வெடித்த தோலின்மேல் தடவினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நான் சொன்னேன்.

ஆனால் ஆறவில்லை. ஒரு விரல் ஆறுகிற மாதிரி இருக்கும், மறுநாள் பார்த்தால் செக்கச்செவேல் என்று உரிந்து கிடக்கும். சேலத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிக்கடி சோப்புப் போட்டாலும் இப்படி ஆகும், காற்று வறண்டு போனாலும் ஆகும், ஒத்துக்கொள்ளாத பொருளைத் தொட்டாலும் ஆகும், படையாகவும் இருக்கலாம், சில பேருக்குச் சத்துக் குறைவாலும் வரும் என்றார். உரிந்த தோலைப் பிய்க்கக் கூடாது, கை ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத களிம்பைத் தடவ வேண்டும் என்றார். “தைலமெல்லாம் போடாதீங்கம்மா, புண்ணு மேல போட்டா இன்னும் கெடுக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார், எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் உன்னைப் பார்த்து, “கை நிறைய தடவை கழுவுவீங்களா தம்பி?” என்று கேட்டார். நீ, “எல்லாரையும் போலத்தானுங்க” என்றாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையை ஆட்டினேன், கண்ணு. ஆமாம் ஆமாம், எல்லாரையும் போலத்தான் என்று.

எல்லாரையும் போலவா? வீட்டில் சோப்பு வாங்கி வைத்தால் கரைந்துபோய்விடுகிறது என்று நான் உன் அப்பாவோடு எவ்வளவு சண்டை போட்டேன்! ஜீப்பைக் கழுவக் குளிக்கிற சோப்பை எடுக்கிறார் என்று அவர்மேல் பழி. அவர், “நான் எதுக்குடி வாசன சோப்பப் போட்டு ஜீப்பக் கழுவறேன், அது என்ன கல்யாணத்துக்கா போவுது?” என்று கத்தினார். நீ உள்ளே கேட்டுக்கொண்டு இருந்திருப்பாய். நீ கையால் சாப்பிடுவதை விட்டுவிட்டு ஸ்பூனுக்கு மாறியபோது, பழைய எஸ்டேட் துரை மறுபடி பிறந்து வந்துவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அக்கா குழந்தையோடு வந்தால் நீ தோட்டத்துக்குப் போய்விடுவாய். முன்பெல்லாம் பாப்பாவைத் தோளில் இருந்து இறக்கவே மாட்டாய். பெரியவனாகிவிட்டான், கூச்சம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து நிச்சயம் நடந்த அன்றைக்கு ஸ்டெல்லா டீ கொண்டுவந்து நீட்டினாள். நீ கையை நீட்டவில்லை, ஸ்டூலைக் காட்டி அங்கே வைக்கச் சொன்னாய். பெண் வீட்டுக் கிளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வெட்கம் என்று நான்தான் சமாளித்தேன். என் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்திருக்கிறது, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோயிலில் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் முதல் ஓலை வாசிக்கிற நாள். நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெயரை வாசிப்பார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்கள். மாப்பிள்ளை பெஞ்சில் இருக்க வேண்டாமா? நீ பின்னால் வருகிறேன் என்று சொன்னாய், வரவே இல்லை. சாமியார் உன் பெயரை வாசித்தபோது எல்லாத் தலையும் திரும்பி உன்னைத் தேடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேறு பெண் யாராவது இருக்கிறாளோ, அதைத்தான் இத்தனை நாளும் மறைக்கிறானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பூசை முடிவதற்குள் எழுந்து, கத்துவதற்கு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது. வீட்டுக்குப் பின்னால், காப்பிப் பழம் அலசுகிற தொட்டிப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கோயிலுக்குப் போட்டுக்கொள்ள நான் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையோடு நீ குழாயடியில் குந்தியிருந்தாய். கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். அதை வைத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாய், கரிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பது போல. தரையில் ஓடிய நுரை சிவப்பாக இருந்தது. எனக்கு முதலில் புரியவே இல்லை, ஏதோ துணியில் சாயம் போகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் அது என்ன என்று தெரிந்தது.

“என்ன சாமி பண்ற? ஐயோ, கைய என்ன பண்ற?”

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை, களைத்துப்போன முகமாக இருந்தது. “இன்னும் போவலீங்கம்மா” என்றாய்.

“என்னடா போவல?”

“மருந்துங்க.”

“எந்த மருந்து? காப்பிக்கு மருந்தடிச்சு எத்தன மாசமாச்சு!”

“பாப்பாவுக்குப் பலாச்சுளை ஊட்டுனனுல்லீங்க. அந்தக் கைதானுங்க இது.”

நான் அப்படியே தொட்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். போன கோடையில் நடந்தது. நீ தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்து, குளித்து, உடை மாற்றி உட்கார்ந்தாய். அக்கா குழந்தை ஓடிவந்து உன் மடியில் ஏறினாள். நீ பலாச்சுளையைக் கொட்டை எடுத்துப் பிய்த்து ஊட்டினாய். அன்று சாயங்காலம் அவளுக்கு வாந்தி, காய்ச்சல். ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு அடிவாரம் இறங்கி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஏதோ வயிற்றுக் கிருமி, இப்போது பல குழந்தைகளுக்கு வருகிறது என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தை தேறி வீட்டுக்கு வந்தாள். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மருந்து என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் வரவில்லை. நாங்கள் அதை மறந்தே போனோம், கண்ணு. நீ மட்டும் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கிறாய்.

“ஓலைய நிறுத்தச் சொல்லுங்கம்மா. அந்தப் புள்ளையக் கட்டிக் கூட்டியாந்து, நானே என் கையால என்னமாச்சும் பண்ணிப்போடுவேன். எனக்குக் கொழந்த பொறந்தா நான் எப்படிங்க தொடுவேன்?” என்று கேட்டாய். அப்போதுதான் நீ அழுதாய். நான் அழவில்லை. எனக்கு என் எண்ணெய்க் கிண்ணம் ஞாபகம் வந்தது. “நான் தடவுனதெல்லாம்?” என்று கேட்டேன். “நீங்க அந்தப் பக்கம் போனதும் கழுவிருவேனுங்க. எண்ணெ போவ நொம்ப நேரம் தேய்க்கோணும். தைலம் மருந்து வாசமே அடிச்சுதுங்க, அதுக்கு இன்னும் நொம்ப நேரம் ஆச்சு” என்றாய். என் மகனுக்கு வைத்தியம் செய்கிறேன் என்று நான் ஒவ்வொரு நாளும் அவனைக் குழாயடிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எதைக் கேட்கத் தவித்தாயோ அதைச் சொன்னேன். உன் முகம் தெளிந்தது, ஒரு வாய் காப்பி குடித்தாய். அப்பாடா என்றிருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடி கேட்டாய். மறுபடி சொன்னேன். அப்புறம் அதுவே வாடிக்கையானது. சமையலறைக்கு வந்து கேட்பாய், ஜீப்படியில் அப்பாவிடம் கேட்பாய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாய். “அம்மா, கை சுத்தமாத்தானுங்க இருக்குது?” நாங்களும் அலுக்காமல் பதில் சொன்னோம். பிள்ளை கேட்கிறான், நல்ல வார்த்தைதானே, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று.

மனநல டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதும் உன் அப்பா, “பைத்தியம்னு ஊர்ல பேசுவாங்க” என்று ஒரு நாள் முறுக்கிக்கொண்டார். மறுநாள் உன் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு அவரே ஜீப்பை எடுத்தார். அந்த டாக்டர் அம்மாள் நாம் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. இது தெரிந்த நோய், பெயர் இருக்கிறது, எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள், நிறையப் பேருக்கு வருகிறது என்றார். மனதில் ஒரு பயம் வந்து உட்காரும், கழுவினால் போகும் என்று சொல்லும், கழுவினால் கொஞ்ச நேரம் போகும், மறுபடி வரும், முன்னைவிட அதிகம் கேட்கும். மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, இரண்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மா, தம்பி கேக்கறப்ப நீங்க என்ன பதில் சொல்றீங்க?” நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சொன்னார்: “இனிமே அதச் சொல்லாதீங்க. நீங்க சொல்ற பதிலும் சோப்பு மாதிரிதாங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பெற்றவள் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லக் கூடாதா, இது என்ன படிப்பு என்று எழுந்து வந்துவிடலாமா என்று தோன்றியது. “அப்ப நான் என்னதானுங்க சொல்லட்டும்?” என்றேன். “எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. பக்கத்துல இருங்க, ஆனா பதில் சொல்லாதீங்க. அந்தப் பயத்தோடவே கொஞ்ச நேரம் இருந்து, அது தானா எறங்கறத அவரே பாக்கணும்” என்றார். மலைமேல் திரும்பி வரும்போது, முதல் வளைவு தாண்டியதுமே நீ கேட்டாய். நான் வெளியே பார்த்துக்கொண்டு, “எனக்குத் தெரியாது, கண்ணு” என்றேன். நான் உன்னை அறைந்துவிட்டது போல என்னைப் பார்த்தாய். உன்னைப் பெற்ற வலியெல்லாம் ஒரு வலியா? ஜீப் மேலே ஏற ஏற நீ முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாய். அப்பா வண்டியை மட்டும் பார்த்து ஓட்டினார். வீடு வந்து சேரும்போது நீ கம்பியைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அதை நான் பார்த்தேன்.

ஸ்டெல்லாவிடம் நீயே சொன்னாயே, அதற்கு உன்னை நான் மெச்சிக்கொள்கிறேன். நான் சொல்கிறேன் என்று வந்தபோது தடுத்துவிட்டாய். அவள் ஸ்கூட்டரில் தனியாக வந்து, முற்றத்தில் நின்றபடியே கேட்டாள். அவள் உருகிப்போய் அழுவாள், இல்லை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள் என்று நான் வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோபப்பட்டாள். “ஏனுங்க, நான் குடுத்த டீயக்கூடக் கையில வாங்கலீங்க நீங்க. என்னப் புடிக்கலன்னு நெனச்சு ஊட்டுக்குப் போயி நொம்ப அழுதேன். இதான் காரணம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க?” என்றாள். பிறகு, “மிச்ச ஓலைய ஈஸ்டருக்கு அப்பறம் படிச்சுக்கலாமுங்க. அதுக்குள்ள நீங்களும் யோசிங்க, நானும் யோசிக்கறேன். இப்ப நான் எந்த வாக்கும் குடுக்க மாட்டேன்” என்றாள். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லாத பெண். அவளிடம் இனி எதையும் ஸ்டூல்மேல் வைக்கச் சொல்லாதே. முடியாத நாளில் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த மரியாதை அவளுக்குச் சேர வேண்டும்.

நாளைக்கு நீ போவது அக்கா வீட்டுக்கு என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. வாராவாரம் டாக்டரைப் பார்க்க மலை இறங்கி ஏற முடியாது, என் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் போனில் சொன்னதும், “பாப்பா இருக்காளேக்கா” என்றாய். “அதுக்குத்தான்டா வரச் சொல்றேன்” என்றாள் உன் அக்கா. போனை வைத்துவிட்டு வெகுநேரம் தோட்டத்துப் பக்கம் நின்றாய். உள்ளே வந்து, “போறேனுங்கம்மா” என்றாய். அவள் அப்படிச் சொல்வாள் என்றும் நினைக்கவில்லை, நீ போவாய் என்றும் நினைக்கவில்லை. பாப்பாவைத் தூக்கு என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் ஒவ்வொரு படியாகச் சொல்லுவார், அதன்படி செய். மாத்திரையைக் கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடாதே. விரலுக்குத் தோல் டாக்டர் கொடுத்த களிம்பைப் பையின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கம்பி நார், சுடுதண்ணீர், உரிந்த தோலைப் பிய்ப்பது இதெல்லாம் வேண்டாம். தைல பாட்டிலை நான் உன் அப்பாவின் முழங்காலுக்குக் கொடுத்துவிட்டேன், அவர் பாடு.

நாளை சாயங்காலம் உன் போன் வரும். நீ எதிர்பாராத நேரத்தில் பாப்பா உன் விரலைப் பிடித்திருப்பாள், குழந்தைக்கு என்ன தெரியும்? நீ என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பாய். நான் பதில் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் கொடுங்கள் என்பாய், அவரும் சொல்ல மாட்டார், நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். அப்போது போனை வைத்துவிடாதே. பேசாமலே இரு, நானும் பேசாமல் இந்தப் பக்கம் இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும். இந்தக் கடிதத்திலும் அந்தப் பதிலைத் தேடாதே, எங்கேயும் எழுதவில்லை. கை அந்த வார்த்தைக்குப் போனபோதெல்லாம் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். இப்போதும் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கிறது, அதனால் முடிக்கிறேன்.

அம்மா